மூன்றாம் பொட்டலத்துக் கரிசலாங்கண்ணி

சென்னை,
22.11.1998

அண்ணிக்கு,

உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். அதனால் சௌக்கியம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது பொட்டலமும் வந்தது. பிரித்தால் குப்பென்று பூஞ்சை வாடை. கரிசலாங்கண்ணி இலை முழுக்க அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கிடக்கிறது. தீபாவளிக்கு வந்தபோது தாளில் எழுதிக் கொடுத்தேனே, படித்தீர்களா? இலையை மட்டும் கிள்ள வேண்டும், கழுவ வேண்டும், வெயில் படாமல் ஏழு நாள் நிழலில் உலர்த்த வேண்டும். இதில் என்ன கஷ்டம்?

"உங்க நாத்தனா மெட்ராஸ்ல என்னதான் படிக்குது?" என்று தெருவில் கேட்பார்கள். சொல்லிக்கொள்ளுங்கள். வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துப்போகும், மோரில் போட்டால் கறுக்காது, இல்லையா? அந்த மாதிரி உடம்புக்குள்ளும் ஒரு கெடுதல் நடந்துகொண்டே இருக்கிறது. அதைத் தடுக்கிற சத்துக்குப் பெயர் ஆன்ட்டிஆக்ஸிடன்ட். எந்த மூலிகையில், எந்தக் கீரையில் அது எவ்வளவு என்று அளப்பதுதான் என் ஆராய்ச்சி. இலையைப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டிச் சாறு எடுப்பேன். ஊதா நிறத்தில் ஒரு மருந்துக் கரைசல் இருக்கிறது. அதில் சாற்றை விட்டால், சத்து இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்று மெஷின் எண் சொல்லும்.

உங்கள் இலைக்கு ஊதா அசையவே இல்லை. நூற்றுக்குப் பன்னிரண்டு. பக்கத்து மேஜை நாகேஸ்வரன், "வயக்காட்டுப் புல்லுல என்னங்க இருக்கப்போகுது?" என்று சிரிக்கிறார். என் கைடு மெஹராஜ் பேகம் மேடம் ஜனவரி வரைக்கும்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். அதற்குள் ஒன்றும் காட்டாவிட்டால் கரிசலாங்கண்ணியை விட்டுவிட்டு அவர் கொடுக்கிற தலைப்பை எடுக்க வேண்டும். இரண்டு வருஷ உழைப்பு, அண்ணி.

தயவுசெய்து சொன்னபடி செய்யுங்கள். எல்லாரும் சௌக்கியமா?

செவ்வந்தி


வடக்குத்தோப்பு, நன்னிலம் வழி,
2.12.1998

செவ்வந்திக்கு அண்ணி எழுதுவது.

சௌக்கியத்தைக் கடைசி வரியில் கேட்டாலும் கேட்டாயே, அதுவரைக்கும் புண்ணியம்.

ஏழு நாள் நிழலில் உலர்த்தச் சொன்னாய். சரி. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் எங்களுக்கு நிழலே நனைந்து கிடக்கிறதே, அதை எங்கே போய் உலர்த்துவது? முறத்தில் பரப்பி அடுப்படியில் வைத்தேன், அங்கே ஒழுகிற்று. என் தலைமாட்டில் வைத்தேன், அங்கேயும் ஒழுகிற்று. ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து உன் இலையைத் திருப்பிப் போட்டவள் நான். "பொண்டாட்டிக்கு நான் முக்கியமா, அந்தப் புல்லு முக்கியமா?" என்று உன் அண்ணன் கேட்டார். நீ என்னடாவென்றால் படித்தாயா என்று கேட்கிறாய். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவள்தான் அம்மா நான். ஆறாவதுக்குப் போகவேண்டிய அன்றைக்கு நாற்றுமுடியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதை நீ சொல்லிக் காட்ட வேண்டாம்.

இங்கே வேறு கவலை. நிலத்துக்காரர் இராஜாங்கம், அறுவடை முடிந்ததும் இரண்டு ஏக்கரையும் காலி பண்ணு என்கிறார். உங்கள் அப்பா காலத்திலிருந்து உழுத குத்தகை நிலம். பதிவு இல்லை, ரசீது இல்லை என்கிறார். உன் அண்ணனுக்கு விவசாயச் சங்கத்து ஆட்களோடு தாலுகா ஆபீசுக்கு நடந்து செருப்பு தேய்கிறது. நீ கேட்கிற கரிசலாங்கண்ணி அந்த நிலத்து வாய்க்கால் வரப்பில்தான் மண்டிக் கிடக்கிறது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

அறுப்பு சமயத்தில் மூன்றாவது பொட்டலம் அனுப்புகிறேன். அதுவும் சரியில்லை என்றால் என்னை விட்டுவிடு.

அம்சம்


சென்னை,
27.1.1999

என் தங்க அண்ணி!

எண்பத்தொன்று! நூற்றுக்கு எண்பத்தொன்று!

அவசர அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். மூன்றாவது பொட்டலத்தைப் பிரித்தபோதே பச்சைப் பசேலென்று இருந்தது. சாறு எடுத்து ஊதாக் கரைசலில் விட்டேன். கண்ணெதிரே வெளுத்து, மஞ்சளாகி, நான் "ஐயோ" என்று கத்திவிட்டேன். நாகேஸ்வரன் ஓடிவந்து என்னமோ உடைந்துவிட்டது என்று தரையைப் பார்க்கிறார்! மறுபடி செய்தேன், எண்பது. மறுபடியும், எண்பத்திரண்டு. சுத்தமான வைட்டமின் சி-க்கே தொண்ணூற்றைந்துதான் வரும் அண்ணி! நம் வரப்புச் செடி அதற்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.

மேடம் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். "எப்படி உலர்த்தினது?" என்று கேட்டார். "நிழலில் ஏழு நாள், எங்க அண்ணி சொன்னது மாறாம செஞ்சாங்க" என்று பெருமையாகச் சொன்னேன். போன கடிதத்தில் நான் எழுதியதையெல்லாம் கிழித்துப் போடுங்கள். உங்களை மாதிரி யாரும் வராது.

பொட்டலம் தீர்ந்துவிட்டது. உடனே நாலாவது வேண்டும். அதே வரப்பு, அதே செடி, அதே மாதிரி.

செவ்வந்தி


வடக்குத்தோப்பு,
5.2.1999

செவ்வந்திக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் மூன்று தடவை சத்தம் போட்டுப் படித்தார். தெருவே கேட்டது. சந்தோஷம்.

நாலாவது பொட்டலம் இத்துடன் வருகிறது. இந்தத் தடவை சத்தியமாக நிழலில் ஏழு நாள். ஒரு மணி நேரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இப்போது மழையும் இல்லை.

நிலத்தில் போலீஸ் காவலோடுதான் அறுத்தோம். இப்போது கோர்ட்டில் தடை. தீர்ப்பு வரும்வரை இரண்டு தரப்பும் உள்ளே கால் வைக்கக் கூடாதாம். அதற்கு முதல் நாள்தான் உன் இலையைக் கிள்ளினேன்.

எனக்கு எழுத வேறு ஒன்றும் இல்லை.

அம்சம்


சென்னை,
16.2.1999

அண்ணி,

எனக்கு அழுகை அழுகையாக வருகிறது. நாலாவது பொட்டலத்துக்கு வந்தது இருபத்தெட்டு. ஐந்து தடவை செய்தேன். முப்பதைத் தாண்டவில்லை.

நாகேஸ்வரன் மேடத்திடம் போய், "வைட்டமின் சி பொடியைக் கொஞ்சம் கலந்தா எண்பத்தொண்ணு தாராளமா வரும் மேடம்" என்று சொல்லியிருக்கிறார். என் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. ஆனால் நான் உள்ளே போனால் எல்லாரும் பேச்சை நிறுத்துகிறார்கள். மருந்து அலமாரிச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். திருடிக்கு அப்படித்தானே செய்வார்கள்?

மார்ச் 15-ஆம் தேதி ஆராய்ச்சிக் கமிட்டி கூடுகிறது. எண்பத்தொன்றை அவர்கள் முன்னால் மறுபடி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பொய்க்கணக்கு எழுதினவள் என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். படிப்பு போனால் போகட்டும் என்றுகூட இருந்துவிடுவேன் அண்ணி. நம் தெருவிலிருந்து முதல்முதலாக வந்தவள் ஏமாற்றுக்காரி என்று பேர் வாங்கிக்கொண்டு எப்படித் திரும்பி வருவேன்?

மூன்றாவது பொட்டலத்தில் மட்டும் என்ன வித்தியாசம்? வேறு இடத்தில் பறித்தீர்களா? எதுவானாலும் சொல்லுங்கள். திட்ட மாட்டேன்.

செவ்வந்தி


வடக்குத்தோப்பு,
21.2.1999

செவ்வந்திக்கு,

நீ ஏமாற்றவில்லை. நான்தான் ஏமாற்றினேன்.

தை மாசம் அறுப்பு நேரத்தில் எதிர்பாராமல் மூன்று நாள் மழை கொட்டியது, தெரியுமல்லவா? களத்து நெல் முழுக்க நனைந்துவிட்டது. ஈர நெல்லை அப்படியே விட்டால் முளைத்துப் போகும், இல்லை கறுத்துப் போகும். அதனால் உடனே அவித்துவிடுவோம். அவித்த நெல் கெடாது. நானும் விடியற்காலையிலிருந்து அண்டா அண்டாவாக அவித்துக்கொண்டிருந்தேன். உன் இலை முறத்தில் கிடந்தது. அன்றைக்குத்தான் பறித்தது, ஓரமெல்லாம் கறுப்புத் தட்ட ஆரம்பித்துவிட்டது. மறுபடியும் கறுத்துப்போனால் என்ன எழுதுவாயோ என்று பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். நெல்லுக்குச் செய்வதை இதற்கும் செய்தால் என்ன என்று தோன்றியது. அண்டாவில் ஆவி கிளம்பினதும் இலையை ஈரத்துணியில் கட்டி நெல்லுக்கு மேலே வைத்து மூடினேன். உன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பீடி குடித்து முடித்தார். அவ்வளவு நேரம்தான். எடுத்து அடுப்புச் சூட்டில் இரண்டு நாள் காயவைத்தேன். கறுக்கவே இல்லை.

நீ சொன்னது நிழல், நான் செய்தது ஆவி. உன் இலையைக் கெடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். எண்பத்தொன்று என்று எழுதினாய். சொன்னது மாறாமல் செய்தேன் என்று மேடத்திடம் பெருமையாகச் சொன்னதாக எழுதினாய். இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷத்தில் என்னை அப்படி யாரும் சொன்னதில்லை செவ்வந்தி. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில் நாலாவதை ஒழுங்காக நிழலில் போட்டேன். அதுதான் உன் கழுத்தைப் பிடித்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்திருந்தால் செரிக்காது. உன் போன கடிதத்தைப் படித்ததும் ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், "படிச்சவளுக்கு நல்லா வேணும்" என்று நினைத்தேன். அப்புறம் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

நிறைய திட்டி எழுது.

அம்சம்


சென்னை,
25.2.1999

அண்ணீ!

திட்டுவதா? நீங்கள் இப்போது பக்கத்தில் இருந்தால் தூக்கிச் சுற்றியிருப்பேன்!

முதலில் ஒரு நிமிஷம் எனக்கும் எரிந்தது, அதை மறைக்கவில்லை. கடிதத்தைக் கசக்கிக்கூடப் போட்டேன். அப்புறம் கறுக்கவே இல்லை என்று நீங்கள் எழுதியது மண்டையில் அடித்தது. ஓடிப்போய்க் கடிதத்தை எடுத்து நீவிப் படித்தேன்.

கரிசலாங்கண்ணியைக் கசக்கினால் கை கறுக்கிறதே, அந்தக் கறுப்புதான் நம் எதிரி! செடியிலிருந்து கிள்ளின இலை உடனே செத்துப்போவதில்லை. அதற்குள் நொதி என்று ஒன்று இருக்கிறது. இலை மெதுவாக வாட வாட, அது சத்தையெல்லாம் தின்று கறுப்பாக்கிவிடுகிறது. நிழலில் ஏழு நாள் போட்டால் ஏழு நாளும் அதற்கு விருந்து. நீங்கள் ஆவி காட்டியதும் நொதி செத்துவிட்டது, சத்து தப்பிவிட்டது. ஏழு நாள் நிழல் என்று சொன்னது நான். நான்தான் தப்பு, நீங்கள் இல்லை!

மேடத்திடம் கடிதத்தோடு போனேன். முழுவதையும் படித்தார். பிறகு என் நோட்டைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தார். "நிழலில் ஏழு நாள் உலர்த்தியது" என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். "நீ பாத்தியா?" என்று கேட்டார். இல்லை. "உங்க அண்ணியைக் கேட்டியா?" அதுவும் இல்லை. நான் சொன்னதை நடந்ததாக எழுதிவிட்டேன் அண்ணி. பொடி கலக்கவில்லை, ஆனால் என் நோட்டில் பொய் இருக்கிறது. கமிட்டியில் இதை என் வாயால் சொல்ல வேண்டும் என்றார். சொன்னால் அதற்காகவே அனுப்பினாலும் அனுப்பலாம். சொல்லாமல் இலையை மட்டும் காட்டித் தப்பிக்க எனக்கு மனசில்லை.

ஒரு பீடி என்றால் எவ்வளவு நேரம் என்று மேடம் கேட்டார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஒரு பீடி குடிக்கச் சொல்லி ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தோம். நாலு நிமிஷம் பத்து விநாடி. மனுஷன் இப்போது தினமும் வந்து ஆராய்ச்சிக்கு ஆள் வேணுமா என்று கேட்கிறார்.

கமிட்டிக்கு முன்னால் ஆவி காட்டி, உலர்த்தி, சாறு எடுத்து எல்லாம் முடிய ஒரு வாரம் வேண்டும். பச்சை இலையாக, அதே வரப்பிலிருந்து வேண்டும். வேறு இடத்து இலை என்றால் மண்ணின் குணம் என்று சொல்லிவிடுவார்கள். தடை இருக்கிறது, தெரியும். முடியாது என்றால் சொல்லுங்கள், நான் வேறு ஏதாவது பார்க்கிறேன்.

உங்கள் செவ்வந்தி


வடக்குத்தோப்பு,
6.3.1999

செவ்வந்திக்கு,

இதை உன் அண்ணன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். ஈரச்சாக்கில் சுற்றி இருப்பது உன் இலை. தண்ணீர் தெளித்துக்கொண்டே வரச் சொல்லியிருக்கிறேன்.

காலையில் வெளிச்சம் வந்ததும் கூடையோடு வரப்பில் இறங்கிவிட்டேன். உன் அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார். பாதிக் கூடை கூட நிரம்பவில்லை, இராஜாங்கத்தின் காரியஸ்தன் துரைராசு, "தடை உத்தரவ மீறிட்டா, வந்து பாருங்க!" என்று ஊரைக் கூட்டினான். நான் காதில் வாங்காமல் கிள்ளிக்கொண்டே இருந்தேன். கூடை நிரம்பவும் ஏட்டு சைக்கிளில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது.

"என்னத்தம்மா திருடுன?"

"கரிசலாங்கண்ணிங்க."

கூடைக்குள் கையை விட்டுத் துழாவினார். அடியில் நெல் இருக்கும் என்று பார்த்தாரோ என்னமோ. "இந்தக் களைக்கா என்னைய மூணு மைலு மிதிக்க வச்சீங்க?" என்று துரைராசுவைப் பார்த்துக் கத்தினார். ஆனாலும் எழுதிக்கொள்ள வேண்டுமாம். "எதுக்குப் பறிச்சேன்னு போடட்டும்?" என்றார். "எங்க நாத்தனா ஆராய்ச்சிக்குன்னு போடுங்க" என்றேன். போட்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

உன் அண்ணன்தான் ஆடிப்போய்விட்டார். கேஸ் போய்விடும், நிலம் போய்விடும் என்று ஒரு பாட்டம் கத்தினார். வக்கீலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வரப்பில் களை பறித்ததற்கெல்லாம் கேஸ் தோற்காது, இனிமேல் போகாதே என்றாராம். மத்தியானம் பார்த்தால் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். "எந்த பஸ்ஸுன்னு சொல்லு. இலை வாடிரப் போவுது" என்கிறார்.

கமிட்டியில் உண்மையைச் சொல். நான் செய்ததையும் சேர்த்துச் சொல். என் பேரைச் சொல்லத் தயங்காதே.

அம்சம்


சென்னை,
15.3.1999

அண்ணி,

இப்போதுதான் முடிந்தது. அறைக்குக்கூடப் போகவில்லை, மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அண்ணன் கொண்டுவந்த இலையை மேடம் எதிரிலேயே இரண்டாகப் பிரித்தோம். பாதி நிழலில், பாதி ஹாஸ்டல் இட்லிப் பானையில் நாலு நிமிஷம் பத்து விநாடி. பொடியையும் சாற்றையும் மேடம் பூட்டி வைத்திருந்தார், நான் தொடவே இல்லை. இன்றைக்குக் கமிட்டியில் ஐந்து பேர். சோதனைக்கு முன்னால் எழுந்து நின்று சொன்னேன். நோட்டில் நான் எழுதியது நடந்ததல்ல, நான் பார்க்காததைப் பார்த்ததாக எழுதினேன் என்று. ஒருவர் பேனாவை மூடி வைத்தார். சரி, போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மேடம் நாகேஸ்வரனைக் கூப்பிட்டு, "நீங்களே ஊத்துங்க" என்றார். அவர் கையால் இரண்டு குழாயிலும் சாற்றை விட்டார். நிழல் இலை போட்டது ஊதாவாகவே நின்றது. ஆவி இலை போட்டது வெளுக்க ஆரம்பித்தது. ஒருவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். இன்னொருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மஞ்சள் அண்ணி! எலுமிச்சம்பழ மஞ்சள்! மெஷினில் எண்பத்து மூன்று!

"இந்த முறையை எங்கே படிச்சே?" என்று தலைவர் கேட்டார். "படிக்கலீங்க சார். எங்க அண்ணி நெல் அவிக்கிற முறை" என்றேன். நேரம் எப்படிக் கணித்தார்கள் என்றார். பீடி என்றேன். எந்தக் கம்பெனி பீடி என்று அவர் கேட்டதும் அறையே சிரித்துவிட்டது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

என்னை அனுப்பவில்லை. ஆனால் பழைய நோட்டு முழுக்கச் செல்லாது. எல்லாச் செடியையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், அந்த நோட்டில் இருந்த எட்டு மாச வேலை வீண். எனக்கு வருத்தமே இல்லை. வெளியே வந்ததும் நாகேஸ்வரன், "பொன்னாங்கண்ணிக்கும் இப்படி வருமாங்க?" என்று கேட்டார். மன்னிப்பை அவர் அப்படித்தான் கேட்பார் போலிருக்கிறது. வரும், செய்து பார்ப்போம் என்றேன்.

புது நோட்டு ஒன்று அனுப்புகிறேன். ஊரில் நடக்கிற வேலைக்கு அதுதான் இனிமேல் கணக்கு. நான் சொன்னதை எழுத வேண்டாம். நீங்கள் செய்ததை எழுதுங்கள்.

செவ்வந்தி


வடக்குத்தோப்பு,
4.4.1999

செவ்வந்திக்கு,

வழக்கு ஜூனுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதுவரை உழக் கூடாது, ஆனால் களை பறிக்க வரப்பில் நடக்கலாம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. துரைராசு முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நோட்டில் எழுதிய முதல் பக்கத்தைக் கீழே அப்படியே எழுதியிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் நீ திருத்தக் கூடாது.

தேதி 1.4.99. வல்லாரை, வாய்க்கால் கீழ்க்கரை. பறித்தது காலை ஆறு மணி. கழுவியது இரண்டு தண்ணீர். முதல் கூடை ஆவியில் நாலு நிமிஷம். பச்சையாக இருக்கிறது. இரண்டாவது கூடை, தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று குடத்தோடு ஓடிவிட்டேன், ஆவியில் பதினைந்து நிமிஷம் கிடந்து குழைந்துவிட்டது. கெட்டது. அதைத் தூக்கிப் போடவில்லை, தனிப் பொட்டலமாகக் கட்டி மேலே "கெட்டது" என்று எழுதி அனுப்புகிறேன்.

செய்தது, எழுதியது: வை. அம்சம்.